இஸ்தோப்பில் கிடந்த செல்லம்மா

“எழுப்பிட்டுப் போங்க, வாத்தியாரய்யா.”

வீராயி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். ஒரு கால் படியில், ஒரு கை தூணில். அவளைத் தள்ளிவிட்டுத்தான் நான் இறங்க வேண்டும். தள்ளினால் நான்தான் விழுவேன். கொழுந்துக் கூடை சுமந்தே உரமேறிய உடம்பு அது.

“யாரை எழுப்பணும்?” என்றேன்.

“இந்தா கெடக்காளே செல்லம்மா, அவளத்தான்.”

அவள் கைகாட்டிய இடத்தில் ஒரு சாக்கு விரித்துக் கிடந்தது. அதன்மேல் யாரும் இல்லை. சற்று முன்புவரை நான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சாக்கு அது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த அந்த வரிசை வீட்டில், அந்த லயத்தில், செல்லம்மா என்று ஒருத்தியும் கிடையாது. செல்லம்மா நான் எழுதிய கதையில் வருகிறவள். அன்று பின்னேரம் அவளை ஆற்றில் வழுக்கி விழவைத்து, கரையில் கிடத்தி, உயிரையும் போக்கி, ‘முற்றும்’ என்று கம்பீரமாகப் படித்துவிட்டு, கைதட்டலை எதிர்பார்த்து எழுந்திருந்தேன்.

கைதட்டலாவது, மண்ணாங்கட்டியாவது! ஒரு சனம் அசையவில்லை.

எழுத்தாளன் படுகிற பாட்டைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாரா வாரம் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். கதை திரும்பி வந்திருக்கிறது. வராமலே தொலைந்தும் போயிருக்கிறது. ஆனால் பிணத்தைப் போட்டுவிட்டுப் போகிறாயே என்று என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஒரு நாள்தான். அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

சூரியனா, கதிரவனா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரே அறை. அதன் பின்பக்கத்தில் பலகை அடித்து மறைத்த இடம் எனக்கு வீடு.

என் அப்பாவுக்கு ஹட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை. நான் கல்லாவில் உட்காருவேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். “எழுதணும்னு ஆசையா இருந்தா கடைக் கணக்கை எழுதேன், யாரு வேணாங்கறா?” என்பார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடையே வேண்டாம் என்று தோட்டத்துக்கு வந்துவிட்டேன். தோட்டத்தில் எழுத்தாளனுக்கு வேண்டிய அமைதி கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த மகராசன் தோட்டத்தில் ஒரு நாள் தங்கியிருக்க மாட்டான்.

விடியுமுன்பே தோட்டத்துத் தப்புக்காரன் தப்படிப்பான். வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஆட்களைக் கூப்பிடுகிற அந்தத் தப்பு என் தலைமாட்டில் அடிப்பதுபோலக் கேட்கும். சரி, எழுந்தது எழுந்தோம், பள்ளிக்கூட மணிக்குள் ஒரு பக்கம் எழுதிவிடுவோம் என்று உட்காருவேன். தினம் ஒரு பக்கம் என்பது என் சபதம். சுவரில் கரிக்கட்டியால் எழுதியும் வைத்திருந்தேன். முப்பது வயதுக்குள் என் பெயரை இந்தியா, இலங்கை முழுக்கச் சொல்ல வேண்டும் என்பது சுவரில் எழுதாத சபதம்.

காகிதம் பனியில் நமுத்துப் போயிருக்கும். மை வைத்த இடத்தில் நிற்காது, ஊறிப் பரவும். ‘அவள்’ என்று எழுதினால் அது ஒரு பூசணிக்காயாக நிற்கும். காகிதத்தை அடுப்புப் பக்கத்தில் காயவைத்தால் ஓரம் கருகும். இதற்குள் பிள்ளைகள் குளிர் தாங்காமல் நேரத்தோடே வந்து கதவை இடிக்கும்.

இதெல்லாம் வெளித் தொல்லை. உள் தொல்லை இதைவிடப் பெரிது. ஒரு காலை முழுக்க ‘சூரியன் உதித்தான்’ என்று தொடங்குவதா, ‘கதிரவன் எழுந்தான்’ என்று தொடங்குவதா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு வாரமாக அந்த மலையில் சூரியனும் இல்லை, கதிரவனும் இல்லை. மூடுபனிதான். அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்படிப்பட்ட ஒருவன் எழுத்தாளன் ஆகப் போகிறானாம்!

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் பள்ளிக்கூட வழியாகத்தான் ஆபீசுக்குப் போவார். ஜன்னலில் தலையை நீட்டுவார்.

“என்ன வாத்தியாரே, அந்தக் கதை இன்னும் முடியலையா? நான் ஒரு வருஷக் கணக்கையே முடிச்சுக் கொழும்புக்கு அனுப்பிட்டேன்.”

“கணக்குக்கு விடை இருக்குங்க. கதைக்கு இல்லை.”

“விடை இல்லாததை எதுக்கு எழுதணும்?”

போய்விடுவார். அந்த நாள் பூராவும் அந்தக் கேள்வி என் பிராணனை வாங்கும்.

வேண்டாத சந்தோஷங்கள்

சந்தோஷமே இல்லையா என்றால், இருந்தது. நோர்வூட் கடைவீதிக்குப் போய்ப் புது நிப் வாங்குவது ஒரு சந்தோஷம். அதை நாக்கில் வைத்து எச்சில்படுத்தி, முதல் சுழி சுழிப்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். சுழியோடு நிறுத்தியிருந்தால் நான் உலகத்திலேயே திருப்தியான மனுஷனாக இருந்திருப்பேன்.

தணலில் சுட்ட உருளைக்கிழங்கை ஊதி ஊதித் தின்பது. கருப்பட்டியை ஒரு கடி, தேத்தண்ணியை ஒரு மடக்கு. மழை விட்டதும் ஈரத் தேயிலைச் செடியிலிருந்து வருகிற பச்சை வாசனை. எப்போதாவது வெயில் எட்டிப் பார்த்தால் பள்ளிக்கூடத்து வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரச் சொல்வேன். அன்று பாடம் கிடையாது.

இதற்கெல்லாம் எழுத்தாளனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். உருளைக்கிழங்கு தின்னும்போது வருகிற சந்தோஷம் எழுதும்போது ஏன் வரமாட்டேன் என்கிறது? நிஜமான எழுத்தாளனுக்கு வருமோ? எனக்கு வராததால் நான் போலியோ? கிழங்கு ஆறிப்போகும்வரை இப்படியே யோசித்துக்கொண்டிருப்பேன். கடைசியில் கிழங்கும் போச்சு.

தைக்கிற முடிவு

கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு இரண்டு மூன்று கதைகள் அனுப்பியிருந்தேன். ஒன்றும் வெளிவரவில்லை. பிறகு ஒரு தபால் அட்டை வந்தது. சுபமாக முடிகிற கதைகள் தம்மிடம் மலையாகக் குவிந்து கிடப்பதாகவும், படிப்பவர் மனத்தைத் தைக்கிற முடிவாக இருந்தால் அடுத்த கதையைக் கவனிக்கலாம் என்றும் ஆசிரியர் எழுதியிருந்தார்.

தைக்க வேண்டும், அவ்வளவுதானே? தைத்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு கொழுந்துக்காரி. பெயர் செல்லம்மா. புதிதாகக் கல்யாணமானவள். கொடுமைக்கார மாமியார். ஐப்பசி மழையில் ஆறு பெருகுகிறது. கூடையோடு அக்கரைக்கு வரும்போது பாறையில் கால் வழுக்குகிறது. கரையில் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். கண்ணைத் திறக்கவில்லை. முற்றும்.

எழுதும்போது நானே அழுதேன். அழுகை வந்ததும் எனக்கு ஒரே குதூகலம். இதுதான் இலக்கியம், வந்துவிட்டது, இனி நம்மைப் பிடிக்க முடியாது என்று அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

திங்கட்கிழமை காலையில் தோட்டத்துத் தபால்காரன் பையை எடுத்துக்கொண்டு நோர்வூட்டுக்கு நடப்பான். அதற்கு முன்பு யாரிடமாவது படித்துக் காட்டினால் தேவலை என்றிருந்தது. கிளாக்கரிடம் காட்டுவதைவிட ஆற்றில் குதிக்கலாம். லயத்து ஆட்கள்தான் மிச்சம்.

லயத்து ஆட்களுக்குக் கதை கேட்பது புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் பெரிய எழுத்துப் புத்தகங்களிலிருந்து பழைய கதைகளை நான்தான் அவர்களுக்குப் படிப்பேன். இடம், கடைசிக் காம்பராவின் இஸ்தோப்பு. வரிசை அறைகளுக்கு முன்னால் ஓடுகிற ஒடுங்கிய தாழ்வாரத்தைத்தான் இஸ்தோப்பு என்பார்கள். கடைசிக் காம்பராவுக்கு மட்டும் அது கொஞ்சம் அகலம், சாரலும் அடிக்காது.

அந்தக் காம்பராவில் இருந்தவள் ராமாயி. தேயிலைச் செடிகளின் கிளையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற கருப்பையாவின் பெண்சாதி. கருப்பையாவின் அம்மாதான் வீராயி. ராமாயிக்கு அப்போது நிறைமாதம். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை வீராயி அவளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். விறகு பொறுக்கப் போகாதே, பாலத்தைத் தாண்டாதே, கருப்பு முந்தானை போடாதே. லயமே அந்தப் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

படுத்தவன் எழும்ப வேண்டும்

இதற்கு நடுவில் அந்த ஊர்க் கூத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

மாசி மாதத்தில் கோயில் களத்தில் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். சண்டையில் மாண்டவர்களாக வேஷக்காரர்கள் களத்தில் விழுந்து கிடப்பார்கள். மேலே வெள்ளைத் துணியைப் போர்த்திவிடுவார்கள். நடிப்பு என்று நாம் நினைப்போம். அவர்கள் அப்படி நினைப்பதில்லை. பூசாரி வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, பாட்டுப் பாடி, ஒவ்வொருவனாக எழுப்புகிறவரை ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். லயத்தில் அடுப்பு எரியாது. மழை கொட்டினாலும் நனைந்துகொண்டு நிற்பார்கள்.

புத்தகம் படிக்கும்போதும் அதே சட்டம்தான். சாவு வருகிற இடத்தில் மூடக்கூடாது. நேரமானாலும் சரி, தொண்டை கட்டினாலும் சரி, பின்னால் வருகிற ஒரு கல்யாணமோ பட்டாபிஷேகமோ படித்துவிட்டுத்தான் மூட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். நானே அப்படிப் படித்திருக்கிறேன். ஆனால் அது பழங்கதை. என்னுடையது புதுமாதிரிக் கதை. புதுமாதிரிக் கதைக்கும் அதே சட்டம் என்று யாருக்குத் தோன்றும்?

அவர்களுக்குத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கதையைப் படித்தபோது, செல்லம்மா வழுக்கும்வரை நன்றாகத்தான் போயிற்று. மாமியாரைப் பற்றி வந்த இடத்தில் பெண்கள் வீராயியைப் பார்த்துச் சிரித்தார்கள். ராமாயி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆறு பெருகியதும் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். செல்லம்மா விழுந்தாள். “ஐயோ!” என்று ஒரு குரல். நான் கடைசி வரியைப் படித்து, ‘முற்றும்’ சொல்லி, தாள்களை மடித்தேன்.

“அப்புறம்?” என்றான் கருப்பையா.

“அப்புறம் ஒண்ணுமில்லை. கதை முடிஞ்சுது.”

“அவ?”

“செத்துட்டா.”

“அது தெரியுது. அப்புறம் எப்ப எழும்புவா?”

“எழும்ப மாட்டா. அதுதான் கதை.”

நான் எழுந்தேன். வீராயியும் எழுந்தாள். மேலே சொன்ன மறியல் அப்போதுதான்.

இல்லாதவளை எப்படி விரட்டுவது?

“இதா பாருங்க,” என்றேன். “அது கூத்து. ஆள் நிஜமாக் கெடக்கான், எழுப்புறீங்க. இது கதை. செல்லம்மான்னு யாருமே இல்லை.”

“அதான் வாத்தியாரே பயமா இருக்கு,” என்றாள் வீராயி. “ஆளு இருந்தா நாலு பேரு சேந்து தூக்கிப் போட்டுறலாம். இல்லாதவள எப்புடித் தூக்கறது? புள்ள பொறக்கப் போற வீட்டு வாசல்ல கொண்டாந்து பொணத்தப் போட்டுட்டு, நீங்க பாட்டுக்குப் போறேங்கறீங்களே!”

அப்போதுதான் ராமாயியைப் பார்த்தேன். அவள் பக்கத்துக் காம்பராச் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். சிரித்த முகம் சுண்டிப்போயிருந்தது. நான் உட்கார்ந்திருந்த சாக்கு அவள் வாசலுக்கு நேரே கிடந்தது. அதைத் தாண்டாமல் அவள் வீட்டுக்குள் போக முடியாது. பனி இறங்கத் தொடங்கிவிட்டது. அவள் எழும்பவில்லை.

“உள்ள போம்மா, குளிருது,” என்றேன்.

“நான் தாண்ட மாட்டேங்க,” என்றாள்.

இவ்வளவுதானா என்று குனிந்து சாக்கைச் சுருட்டினேன். அவ்வளவுதான்! “ஐயையோ, பொணத்தச் சுருட்டுறாரு!” என்று ஒரு பெண் கத்தினாள். நாலைந்து பேர் பாய்ந்து வந்து என் கையிலிருந்து பிடுங்கி, மெதுவாக, பழைய இடத்திலேயே விரித்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். தினம் ஒரு பக்கம் எழுதுவதாகச் சபதம் செய்தது இதற்குத்தானா?

கருப்பையா என் பக்கத்தில் வந்து நின்றான். போன மாசியில் படுகளத்தில் கிடந்தவர்களில் அவனும் ஒருவன்.

“கோவிச்சுக்காதீங்க வாத்தியாரய்யா. நான் படுத்தவன், சொல்றேன். துணியப் போத்திட்டா உள்ளுக்குள்ள என்னமோ பண்ணும். சும்மாதானே கெடக்கோம், பெரண்டு படுப்போம்னு நெனைப்பேன். முடியாதுங்க. பூசாரி தண்ணி தெளிச்சப் பொறவுதான் கையி கால் நம்மளுதாவும். எழுப்பாம விட்டிருந்தாங்கன்னா நான் அங்கனயே கெடப்பேன்.”

அவன் என்னிடம் கெஞ்சவில்லை. எனக்கு விளங்கவைக்கப் பார்த்தான். ஆனால் அவன் கண் ராமாயி மேலேயே இருந்தது.

“சரி,” என்றேன். “செல்லம்மா எழும்பிட்டா. போதுமா? எல்லாரும் போய்ச் சோத்தைப் பாருங்க.”

யாரும் அசையவில்லை. ராமாயி தலையை நிமிர்த்தினாள்.

“வாயால சொன்னா ஆச்சுங்களா? எழுதித்தானே கொன்னீங்க. எழுதித்தான் எழுப்பணும்.”

ஆளுக்கொரு வாய்

சட்டைப் பையில் ஒரு துண்டுப் பென்சில் இருந்தது. கடைசித் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ‘செல்லம்மா எழுந்தாள்’ என்று எழுதினேன். படித்தேன்.

சாமிக்கண்ணு என்கிற பழைய கங்காணி தொண்டையைச் செருமினார்.

“செத்தவ பட்டுனு எந்திரிச்சா, அது பேயிங்க.”

“ஆமா, ஆமா,” என்றார்கள் எல்லோரும். ராமாயி இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அழித்தேன். “அப்ப எப்படித்தான்யா எழும்பணும்? நீங்களே சொல்லித் தொலைங்க!”

இப்படிக் கேட்டிருக்கக்கூடாது. ஆளுக்கொரு வாய் திறந்துகொண்டது. முதலில் கால் விரல் அசைய வேண்டும் என்றார்கள். சரி, ‘செல்லம்மாவின் கால் விரல் அசைந்தது’ என்று எழுதினேன். அதை முதலில் பார்ப்பது அவள் மாமியாராகத்தான் இருக்க வேண்டும் என்றாள் வீராயி. “அந்த மாமியாக்காரிய ஏன் அம்புட்டுக் கேவலமா எழுதியிருக்கீங்க? அவ என்ன, மருமவ சாகட்டும்னா இருந்தா? ஓடியாந்து காலத் தேச்சுவிட்டான்னு எழுதுங்க.” எழுதினேன். என் கொடுமைக்கார மாமியார் குளிரில் உட்கார்ந்து மருமகளின் காலைத் தேய்த்தாள்.

சாமிக்கண்ணுவுக்கு, கதையில் வருகிற பெரிய கங்காணி ஆற்றில் விழ வேண்டும். “கதையில பெரிய கங்காணியே இல்லைங்களே,” என்றேன். “அதனால என்ன, விழுறதுக்கு மட்டும் வரட்டும்,” என்றார். வந்தார், விழுந்தார். அவ்வளவு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கருப்பையாவுக்கு ஒரே ஒரு ஆசை. அன்றைக்குச் செல்லம்மாவுக்கு முழு நாள் வேலை செய்ததாகப் பேர் போட வேண்டும். “ஆத்துல விழுந்தான்னு அரைப்பேர் போட்டுருவானுங்க.” அதையும் போட்டேன்.

என் மனத்தைத் தைக்கிற முடிவு இருந்த இடம் தெரியவில்லை. ஆசிரியர் பார்த்தால் ரத்தம் கக்குவார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு வாக்கியம் முடிந்து பென்சில் நின்றால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்ததைப் படித்ததும் விட்டார்கள். என் அடுத்த வாக்கியத்துக்காக ஒரு கூட்டம் அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் எரிச்சலை விடவில்லை.

“இன்னும் என்ன?” என்றேன். “எல்லாம் ஆச்சில்லே?”

ராமாயி சொன்னாள்: “குளிருமேங்க.”

“யாருக்கு?”

“அவளுக்குத்தான். ஈரச் சீலையோட எம்புட்டு நேரமாக் கெடக்கா. ஒரு கம்பளியப் போத்தச் சொல்லுங்க.”

“கம்பளிக்கு நான் எங்கேம்மா போவேன்? ஆத்தங்கரையில கம்பளி ஏது?”

“எழுதுனா வந்துட்டுப் போவுது.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் கேலி பண்ணவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதுவதற்காகக் காத்திருந்தாள். ‘யாரோ ஒரு கம்பளியைக் கொண்டுவந்து செல்லம்மாவுக்குப் போர்த்தினார்கள்’ என்று எழுதினேன். ‘கம்பளி கதகதப்பாக இருந்தது. செல்லம்மா கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். நடந்து வீட்டுக்குப் போனாள்.’

படித்து முடித்ததும் வீராயி ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து சாக்கின்மேல் தெளித்தாள். தாளின்மேலும் நாலு துளி விழுந்தது. பிறகு அவளே சாக்கைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தாள். ராமாயி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்த இடத்தை மிதித்து, உள்ளே போனாள். சற்று நேரத்தில் கூரை வழியாக அவள் அடுப்புப் புகை வந்தது.

“இப்ப போங்க,” என்று வீராயி வழிவிட்டாள்.

பின்னட்டை

மறுநாள் தபால்காரன் புறப்படும் முன்பு நான் அந்தப் பென்சில் எழுத்தையெல்லாம் ரப்பரால் அழித்தேன். செல்லம்மா செத்தபடியே கொழும்புக்குப் போனாள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. லயத்துக்குச் செய்ய வேண்டியதை லயத்தில் செய்தாகிவிட்டது. நான் எழுத்தாளன் ஆக வேண்டாமா? விழுகிறதற்கு மட்டும் வருகிற கங்காணியை வைத்துக்கொண்டு யார் எழுத்தாளன் ஆனான்?

கதை வெளிவந்தது. பத்திரிகையைப் பிரித்து என் பெயரைப் பார்த்தேன், மூடினேன், மறுபடி பிரித்தேன். அச்சு மை வாசனையை மோந்து மோந்து மூக்கு நுனி கறுத்துப்போனது. கிளாக்கர் வாங்கிப் பார்த்தார். “பேரை இவ்வளவு சின்னதாவா போடுவான்?” என்றார். அதுவரை அது எனக்குப் பெரியதாகத்தான் தெரிந்தது.

அதற்குள் ராமாயிக்குப் பெண் குழந்தை பிறந்து, முப்பதாம் நாள் தீட்டும் கழிந்திருந்தது. குழந்தைக்குச் செல்லம்மா என்று பெயர் வைத்தார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? வைக்கவில்லை. செத்து எழும்பியவள் பெயர் எதற்கு என்று வீராயி சொல்லிவிட்டாள். மாரியாயி என்று வைத்தார்கள். தங்கியது. லயமே கேட்கிற மாதிரி அழுதது. காலையில் நான் எழுதுகிற ஒரு பக்கத்துக்கு அது இன்னொரு இடைஞ்சல்.

பத்திரிகையில் வாத்தியார் கதை வந்திருக்கிறது என்று எப்படியோ பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதே இஸ்தோப்பு, அதே சாக்கு. இந்தத் தடவை நான் உஷாராக இருந்தேன்.

“முன்னாடியே சொல்லிடறேன். அச்சுல அவ செத்துத்தான் போறா. எழும்புறது அதுல இல்லை. அப்புறம் என்னைப் பிடிச்சு வைக்கக்கூடாது.”

எல்லோரும் வீராயியைப் பார்த்தார்கள். வீராயி ராமாயியைப் பார்த்தாள். ராமாயி குழந்தையை மடியில் போட்டுக் கம்பளியால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“சாவட்டுங்க,” என்றாள். “அதான் நீங்க இருக்கீங்களே, எழுப்பறதுக்கு. படிங்க.”

படித்தேன். அச்சில் வந்த என் எழுத்தை நானே படிப்பது சுகமாகத்தான் இருந்தது. ஆறு பெருகியது. செல்லம்மா விழுந்தாள். கரையில் கிடந்தாள். கடைசி வரிக்கு வந்து, ‘முற்றும்’ என்பதைப் படிக்காமல் நிறுத்தினேன். யாரும் எழும்பவில்லை, யாரும் வழியை மறிக்கவில்லை. எல்லோரும் சும்மா காத்திருந்தார்கள்.

ராமாயிக்கு மட்டும் ஏதோ சந்தேகம்.

“ஏங்க, இந்தப் பேப்பரு கொழும்புல எல்லாம் படிப்பாங்களா?”

“படிப்பாங்க. கொழும்பு, கண்டி, தலவாக்கலை, எல்லா ஊர்லயும்,” என்றேன், கொஞ்சம் மார்பை நிமிர்த்திக்கொண்டு.

“அங்கெல்லாம் யாருங்க எழுப்பி விடுவா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்?” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “பாவம் அவங்க,” என்றாள்.

நான் பத்திரிகையைத் திருப்பினேன். பின்னட்டையில் ஏதோ ஒரு கூந்தல் தைல விளம்பரம் இருந்தது. நீளக் கூந்தலோடு ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் மாதிரி விரலை ஓட்டி, சத்தமாகப் படித்தேன்:

“செல்லம்மாவின் கால் விரல் அசைந்தது.”